ரெண்டு அறைப் பெட்டி

இனிமேல் ரம்லத்துக்குப் பயப்படுவதில்லை என்று போன மாசம் ஒரு முடிவு எடுத்தேன். முடிவை அவளிடம் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

என் பெயர் சிக்கந்தர். பாதி உலகத்தை ஜெயித்த ராஜா ஒருவருக்கும் இதே பெயர்தான். சண்டை எல்லாம் முடிந்த பிறகும் அவர் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அப்போது காரணம் புரியவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நிக்காஹ் ஆனது. புரிந்துவிட்டது.

கம்பத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ரம்லத் வீட்டிலேயே தையல் தைக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தால், சட்டைக்குள்ளே நான் நாலு இஞ்சு சுருங்கிவிடுவேன். அதையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்கு ஒரே ஒரு பலவீனம். காரில் பாட்டுக் கேட்டால், அந்த அடிச்சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து 'தும்' என்று இடிக்க வேண்டும். போன வருஷம் பின் சீட்டுக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினேன். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பாட்டைப் போட்டேன். பின் சீட்டில் ரம்லத்தின் அம்மா, என் மாமி. முதல் 'தும்'முக்கு மாமியின் மூக்குக்கண்ணாடி விழுந்தது. இரண்டாவது 'தும்'முக்கு மாமியின் பல்செட்டே கழன்று மடியில் விழுந்தது. மூன்றாவதுக்கு விழ மாமியிடம் எதுவும் பாக்கி இல்லை. அதனால் மாமியே விழுந்தார்.

அன்று சாயங்காலம் ரம்லத் என்னை உட்கார வைத்தாள்.

“மச்சான்.”

“சொல்லு புள்ள.”

“இனிமே இந்தக் காருக்குள்ள பெரிய ஸ்பீக்கர்னு ஒன்னு வந்துச்சு...”

“வராது.”

“வந்துச்சுன்னா, கார் சாவி எந்தம்பி முஜிபு கையில. அம்புட்டுத்தான்.”

சொன்னதைச் செய்கிறவள் அவள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே நல்ல குணம். கார் போனால் எனக்கு எல்லாம் போச்சு. சரக்கு எடுக்கத் தேனிக்குப் போய் வருகிற அந்த நேரம்தான் என் வாழ்க்கையில் எனக்கென்று இருப்பது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே நான் வைத்ததுதான் சட்டம். ஏசியைக்கூட நானே கூட்டிக் குறைக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பேண்ட்பாஸ் பெட்டி.

சாதாரணப் பெட்டியில் ஸ்பீக்கர் தன் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். இதில் அப்படி இல்லை. பெட்டிக்குள் நடுவில் ஒரு பலகை. அதில்தான் ஸ்பீக்கர். பலகைக்குப் பின்னால் ஒரு அறை, காற்றுக்கூடப் போகாமல் அடைத்தது. முன்னால் இன்னொரு அறை. அதில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு பைப். சத்தம் அந்தப் பைப் வழியாக மட்டும்தான் வரும். வெளியே இருந்து பார்த்தால் ஸ்பீக்கரே தெரியாது. வெறும் ஓட்டை போட்ட பெட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை மாதிரியே பொண்டாட்டிக்குப் பயந்த யாரோ ஒரு புண்ணியவான்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே எழுகிற எல்லாச் சத்தத்தையும் அது வெளியே விடாது. நாற்பது ஹெர்ட்ஸிலிருந்து எண்பது வரை உள்ள அடிச்சத்தத்துக்கு மட்டும்தான் பாஸ். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் உள்ளேயே முழுங்கிக்கொள்ளும். என் வாயும் பதினாறு வருஷமாக அப்படித்தான் வேலை செய்கிறது. உள்ளே என்னென்னவோ எழும். 'சரி'யும் 'ஆகட்டும்'மும் மட்டும்தான் வெளியே வரும்.

கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கர். பின் அறை இருபத்தெட்டு லிட்டர். முன் அறை முப்பத்தைந்து. பைப் நாலு இஞ்சு அகலம், ஆறு இஞ்சு நீளம். பைப்பை ஒரு இஞ்சு குறைத்தாலும் கூட்டினாலும் 'தும்' வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆனால் லிட்டர் கணக்கில் என்னை ஏமாற்ற முடியாது. நான் குடமும் அண்டாவும் விற்கிறவன்.

சின்னமனூர் தச்சர் தங்கபாண்டிக்கு வீட்டிலிருந்தே போன் போட்டதுதான் முதல் தப்பு.

“அண்ணே, எனக்கு ரெண்டு அறை வேணும். ஒன்னு சின்னது, ஒன்னு பெருசு.”

“யாருக்கு மச்சான் ரெண்டு அறை?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

போன் கையிலிருந்து நழுவியது.

“கடைச் சரக்கு வைக்க ரெண்டு அறை வாடகைக்குக் கேட்டேன் புள்ள.”

“அப்படியா. கன்னத்துலதான் கேக்குறீகளோன்னு நெனச்சேன். அது வீட்டுலயே இருக்கே.”

பெட்டி வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்பீக்கரை உள்ளே பொருத்தினேன். பின் பலகையை எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். மேலே கறுப்புக் கம்பளி ஒட்டினேன். டிக்கியில் ஏற்றினேன். இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. பெட்டியில் எங்கேயாவது காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தத்தை மிக மெதுவாக வைத்து, ஊதுபத்தியை ஓரங்களில் காட்ட வேண்டும். கசிகிற இடத்தில் புகை ஆடும். பெட்டி 'ம்ம்ம்' என்று இரைந்தது. நான் புகை காட்டிக்கொண்டே வந்தேன். புகை ஆடவில்லை. கைதான் ஆடியது. ஏனென்றால் பின்னால் ரம்லத் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன மச்சான் பண்றீக?”

“புகை போடுறேன்.”

“எதுக்கு?”

எதிரே ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு ஓட்டை. உள்ளே ஒரு இரைச்சல். கையில் புகை. பக்கத்து ஊர் பெயரே தேனி. வாய் தானாகத் திறந்தது.

“தேனீக்கு.”

“தேனீக்கா?”

“தேனீப் பெட்டி புள்ள. ரெண்டு அறை. ஒன்னுல புழு வளரும், ஒன்னுல தேன் சேரும். இந்த ஓட்டைதான் வாசல்.”

“கார்ல எதுக்கு?”

“பூ இருக்குற எடமாப் பாத்து வைக்கணும்ல. முருங்கை பூத்தா அங்கன, ஏலம் பூத்தா மலை மேல.”

“கம்பளி?”

“குளுரும்.”

“வயரு?”

“லைட்டு. ராணித் தேனீக்கு இருட்டுன்னா பயமாம்.”

ரம்லத் பெட்டியை ஒரு முறை பார்த்தாள். நீளம், அகலம், உயரம். இஞ்ச் டேப் கழுத்திலேயே கிடந்தது. பிறகு இரண்டு அடி பின்னால் போனாள்.

“ஆத்தாடி, எனக்குத் தேனீன்னாலே ஆகாது. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

அன்று எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது. பொய் சொல்லத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். அவள் நம்பிய முதல் பொய்யே இவ்வளவு பெரிய பொய்யாக அமைந்தது.

சந்தோஷம் ஒரு வாரம்தான். பிறகு அவள் தேன் கேட்டாள். பயந்துபோய் தேனியில் ஒரு பாட்டில் வாங்கி, ஒட்டியிருந்த தாளைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன். நக்கிப் பார்த்தாள்.

“நம்ம தேனீ நல்லாத்தான் வேலை பாக்குது. பாட்டில்ல கூட அதுவே அடைச்சிருக்கு போல.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இடையில் அவள் பெரியகுளத்தில் சின்னம்மா வீட்டுக்கு மூன்று நாள் போய்விட்டு வந்தாள். அந்த மூன்று நாளும் எனக்குப் பெருநாள். கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவே காரணமே இல்லாமல் நாலு தடவை போய் வந்தேன். நாற்பது முதல் எண்பது வரை எல்லாம் கணக்குப் போட்டபடியே வந்தது. உத்தமபாளையத்தைத் தாண்டும்போது முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகள்கூட உதிர்ந்தன.

திரும்பி வந்ததும் அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“முஜிபு தோட்டத்துல ஏலம் பூத்துக் கெடக்காம் மச்சான். ஞாயித்துக்கெழம நம்ம பெட்டியக் கொண்டு போயி அங்கன வச்சிருவோம்.”

முஜிபுர் ரஹ்மான் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவன். பெட்டியைப் பார்த்த உடனே திறந்து பார்க்கிற ரகம். மூன்று நாள் நான் தூங்கவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது 'ஐயோ, ராணி பறந்து போச்சே' என்று கத்திவிட வேண்டும். ராணி போனால் கூட்டமே போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். காலிப் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். இரக்கப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். பைகளையெல்லாம் ரம்லத்தே டிக்கியில் அடுக்கியிருந்தாள்.

கூடலூர் தாண்டியதும்தான் கவனித்தேன். பின்னால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

ஆம்ப்ளிஃபயரில் எர்த் சரியாக இல்லையென்றால் இப்படி இரையும். ஆனால் ஆம்பை நான் போடவே இல்லை. போடாத ஆம்ப் எப்படி இரையும்? ரேடியோவை அணைத்தேன். இரைந்தது. ஏசியை அணைத்தேன். இரைந்தது. மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன்.

“என்ன மச்சான், சத்தம்?” என்றாள் ரம்லத், ஜன்னலைப் பார்த்தபடி.

“தேனீதான் புள்ள. வேறென்ன?”

“ஆமா, வேறென்ன.”

மலை ஏறுமுன் செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள். இன்ஸ்பெக்டருக்கு அடுத்த பதவியில் ஒரு அம்மா, எஸ்.ஐ. பூமாரி என்று சட்டையில் பெயர். டிக்கியைத் திறக்கச் சொன்னார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தேனீப் பெட்டி என்றால் திறந்து காட்டு என்பார்கள். உள்ளே ஸ்பீக்கர் இருக்கும். ஸ்பீக்கர் என்று உண்மையைச் சொல்லலாம். ஆனால் முன் சீட்டில் ரம்லத்தின் காது இருக்கிறது. மெதுவாகக் குனிந்தேன்.

“மேடம், இது வந்து, ஸ்பீ...”

“என்ன மச்சான்?” என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை நீண்டது.

“ஸ்பீடாப் போகணும்னு மேடத்துக்கிட்டச் சொன்னேன் புள்ள!”

“ஏன்யா ஸ்பீடாப் போகணும்?” என்றார் பூமாரி மேடம். முகம் மாறிவிட்டது. “பெட்டிய மூடி முடுக்கியிருக்கு. உள்ள என்ன? கஞ்சாவா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன். ஜெயிலில் ரம்லத் இருக்க மாட்டாள். ஆனால் மனு போட்டுப் பார்க்க வருவாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். அதைவிட இதுவே மேல் என்று தோன்றியது.

“தேனீ மேடம். கொட்டும் மேடம். திறக்கக் கூடாது மேடம்.”

“திற.”

“ஸ்க்ரூடிரைவர் இல்லையே மேடம்.”

“இந்தாங்க மச்சான்,” என்றாள் ரம்லத். ஹேண்ட்பேக்கிலிருந்து ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள். சரியான அளவு. தையல் மிஷினுக்கு எதற்கு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

எட்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று கழலும்போது வீட்டை நினைத்தேன். ஒன்று கழலும்போது சாவியைப் பார்த்தேன். எட்டாவது கழலும்போது கண்ணை மூடிக்கொண்டு, “என்னைய மன்னிச்சிரு ரம்லத்து,” என்று பலகையைத் தூக்கினேன்.

மூக்கில் ஒன்று. உதட்டில் ஒன்று. காதில் இரண்டு.

கண்ணைத் திறந்தேன். உள்ளே என் ஸ்பீக்கர் இல்லை. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை. அதன் இரு பக்கமும் மரச்சட்டங்கள். சட்டங்களில் அடை. அடை முழுக்கத் தேனீ. பைப்பின் வாயை உள்பக்கமாகக் கொசுவலைத் துணியால் மூடி, அழகாக ஓரம் மடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையல் எனக்குத் தெரியும். என் சட்டைக் காலரில் இருக்கிற அதே தையல்.

பூமாரி மேடம் ஓடிய வேகத்தை நான் எந்தப் போலீஸிடமும் பார்த்ததில்லை. இரண்டு கான்ஸ்டபிள்களும் அவர் பின்னாலேயே செக்போஸ்ட் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினார்கள். நான் ரோட்டோரப் பள்ளத்தில் படுத்தேன். ரம்லத் மட்டும் இறங்கி வந்தாள். முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டாள். பையிலிருந்து தேனீக்குப் புகை போடும் குப்பி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, இரண்டு தடவை அழுத்தினாள். தேனீக்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கின. பலகையை வைத்து எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினாள்.

“பயமா இல்லையாம்மா உனக்கு?” என்று கூண்டுக்குள்ளிருந்து கேட்டார் மேடம்.

“பெரியகுளத்துல மூனு நாள் ட்ரெயினிங் எடுத்தேன் மேடம். சர்டிபிகேட்டுக்கூடக் குடுத்தாக.”

“போங்கம்மா. தயவுசெஞ்சு போங்க.”

கார் மலை ஏறியது. என் உதடு சீட்டுக்கு வெளியே தொங்கியது. என் பன்னிரண்டு இஞ்சு எங்கே? யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது? இல்லவே இல்லாத ஒன்று காணாமல் போய்விட்டதே என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு வளைவு பொறுத்தேன். மூன்றாவதில் முடியவில்லை.

“ரம்லத்து, பெட்டிக்குள்ள வேற எதுவும் இருந்துச்சா?”

“தேனீப் பெட்டில தேனீதானே மச்சான் இருக்கும்?”

“இல்ல... வட்டமா...”

“அடையா?”

“கறுப்பா...”

“கெழட்டு அடையா?”

“கொஞ்சம் கனமா இருக்கும்...”

“ராணியச் சொல்றீகளா? ராணிய எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. பாத்து ஓட்டுங்க.”

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியவில்லை, வீக்கம்.

முஜிபுவின் தோட்டத்து வாசலில் ஜீப் நின்றது. ஜீப்புக்குள்ளிருந்து 'தொம், தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஜீப்பின் பின் சீட்டில், பெட்டி இல்லாமல், ஒரு கோணிச் சாக்கின் மேல் மல்லாந்து கிடந்தது அது. என் பன்னிரண்டு இஞ்சு. பார்க்கச் சகிக்கவில்லை.

“வாங்க மச்சான்,” என்றான் முஜிபு. “ஒரு ஸ்பீக்கரு கெடச்சுச்சு. சத்தந்தான் வெளங்கல. கொளகொளன்னு கேக்குது.”

நான் ஏலச்செடியைப் பார்த்தேன்.

“அவுகளுக்கு அதெல்லாம் தெரியாதுடா,” என்றாள் ரம்லத். “அவுகளுக்குத் தேனீ மட்டுந்தான் தெரியும்.”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

“மட்டச் சரக்கு போலக்கா. கோழிக்குத் தீவனம் வைக்கவாச்சும் ஆகும்,” என்று முஜிபு அதைக் காலால் தள்ளினான்.

“மட்டச் சரக்கா!” என்று யாரோ கத்தினார்கள். நான்தான். “ஏலே, அதச் சாக்குல போட்டா எப்படிடா சத்தம் வரும்? பின்னாடி இருபத்தெட்டு லிட்டர் அறை வேணும், முன்னாடி முப்பத்தஞ்சு லிட்டர் வேணும்! நாலு இஞ்சு பைப்பு, ஆறு இஞ்சு நீளம்! நானே உக்காந்து கணக்குப் போட்டு, நானே புகை காட்டிக் கசிவு பாத்து, எங்காருக்குள்ள வச்சிருந்தப்ப உத்தமபாளையமே அதிர்ந்துச்சுடா!”

சொல்லி முடித்தேன். முஜிபு பாட்டை நிறுத்தினான். பெட்டி மட்டும் 'ம்ம்ம்' என்றது.

ரம்லத் என் பக்கம் திரும்பினாள். உள்ளங்கையை நீட்டினாள். அதில் கார் சாவியை நானே வைத்தேன். அவள் அதை அப்படியே தம்பியிடம் கொடுத்தாள். அவன் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை. காலையிலேயே டிரைவர் சீட்டுக்குப் புது உறை வாங்கி வைத்திருந்தான்.

பிறகு மூவருமாகப் பெட்டியை இறக்கி, பூத்திருந்த ஏலச்செடிகளுக்கு நடுவில் வைத்தோம். ரம்லத் கொசுவலையைப் பிரித்துவிட்டாள். தேனீக்கள் நாலு இஞ்சு பைப் வழியாக வரிசையாக வெளியே வந்தன. நல்ல பைப்தான், எங்கேயும் தடங்கல் இல்லை. அவள் தான் தைத்த வலைத்தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது.

“பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நீங்கதான் வந்து பெட்டியத் திறந்து பாக்கணும்,” என்றாள். “கம்பத்துல இருந்து குமுளிக்கு நெறைய பஸ்ஸு இருக்கு, மச்சான்.”